காயம் சிறிது, மருந்து பெரிது

இரவில் திடீரென்று விளக்கைப் போட்டதும் அரோவானா மிரண்டு துள்ளுகிறது. மேல்மூடிக் கண்ணாடியில் மோதி விழுகிறது. காலையில் பார்த்தால் முதுகில் இரண்டு செதில்களைக் காணோம். வீட்டுக்காரர் பதறிப்போய் மீன் கடைக்கு ஓடுகிறார். நீல மருந்து ஒன்று, மஞ்சள் பவுடர் ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கேப்ஸ்யூல். அன்று மாலையே எல்லாம் தொட்டிக்குள் போய்விடுகின்றன. மறுநாள் தண்ணீர் கலங்குகிறது. அதற்கு இன்னொரு மருந்து. மூன்றாம் நாள் மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. ஐந்தாம் நாள் சாய்ந்து கிடக்கிறது. ‘அடிபட்டதில் செத்துவிட்டது’ என்றுதான் அந்த வீட்டில் கடைசிவரை நம்புகிறார்கள்.

பெரிய வேட்டை மீன் வளர்க்கும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. செதில் பெயர்ந்ததால் மட்டும் ஓர் அரோவானா சாவது மிக அரிது. மூச்சுத் திணறியும் அமோனியா ஏறியும்தான் அந்த மீன் செத்திருக்கும். அந்த இரண்டையும் வரவழைத்தது, காப்பாற்ற வேண்டும் என்று ஊற்றிய மருந்து.

ஊற்றுகிறவர்களைக் குறை சொல்வதில் பொருளில்லை. ஆஸ்கார் மீன் தன்னை வளர்ப்பவரை அடையாளம் கண்டு கண்ணாடி ஓரம் வந்து நிற்கும். கையிலிருந்து இரை வாங்கும். தண்ணீரை மாற்றினால் கோபித்துக்கொண்டு மூலையில் படுத்தும் விடும். ஐந்தாறு வருடம் கூடவே இருந்த அப்படி ஒரு மீனின் உதட்டில் ரத்தம் கண்டால் யாருக்கும் கை பதறத்தான் செய்யும். அதோடு காசும் இருக்கிறது. ‘வாஸ்து மீன்’ என்ற பெயரில் வீட்டுக்கு வரும் அரோவானாவும் ஃப்ளவர்ஹார்னும் விலை குறைந்தவை அல்ல. அருகிவரும் இனமான ஆசிய அரோவானாவோ, அத்தகைய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. பதிவுபெற்ற பண்ணையில் வளர்ந்து, உடலுக்குள் மைக்ரோசிப் பொருத்தப்பட்டு, சான்றிதழோடுதான் நாடுவிட்டு நாடு போக வேண்டும். அன்பும் பணமும் சேர்ந்த இடத்தில் சும்மா இருந்து பார்ப்பது எவருக்கும் கடினம். ஆனால் இந்த மீன்களின் சிறு காயங்களில் பெரும்பாலானவை கேட்பது அந்தப் பொறுமையைத்தான்.

மீனின் தோலைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்த்தால் காரணம் விளங்கும். நம் மேல்தோலின் வெளி அடுக்கு காய்ந்து இறந்த செல்களால் ஆனது. மீனுக்கு வெளி ஓரம் வரை உயிருள்ள செல்கள். தோல் கிழிந்ததும் சுற்றியுள்ள செல்கள் நகர்ந்து வந்து அந்த இடத்தை மூடத் தொடங்குகின்றன. நமக்குப் போலப் பொருக்கு கட்டுவதில்லை. நம் ஊர் வெப்பத்தில், சுத்தமான தண்ணீரில், சிறு சிராய்ப்பு ஒன்று ஏறக்குறைய ஒரே நாளில் மெல்லிய தோலால் மூடிக்கொள்ளும். செதில் முளைக்கச் சில வாரங்கள் ஆகும். அப்படிப் புதிதாக வந்த செதிலை ஒளியில் பிடித்துப் பார்த்தால் அதன் நடுப்பகுதியில் வளையக் கோடுகள் இருக்காது. பழைய செதிலில் மையம்வரை வளையங்கள் இருக்கும். செதில் வளையங்களை எண்ணி மீனின் வயதைக் கணிக்கும் ஆய்வாளர்கள் இந்த மறுமுளைப்புச் செதில்களை ஒதுக்கிவிடுவார்கள். ஆற்றில் பிடிபடும் மீன்களிலும் இப்படிப்பட்ட செதில்கள் இருக்கின்றன. அடிபடுவதும் ஆறுவதும் மீனின் வாழ்க்கையில் சாதாரணம். அடிப்பகுதி சேதப்படாமல் கிழிந்த துடுப்பும் வளர்ந்துவிடும்.

தோலின் மேலுள்ள வழவழப்பான சளிப்படலம்தான் மீனின் முதல் அரண். கிருமியை உடைக்கும் லைசோசைம் என்ற நொதியும் நோய் எதிர்ப்புப் புரதங்களும் அதில் இருக்கின்றன. காய்ந்த கையால் மீனைப் பிடிப்பதும், துண்டை வைத்து அழுத்துவதும், முடிச்சுகள் உறுத்தும் வலையில் அள்ளுவதும் அந்தப் படலத்தை வழித்தெடுத்துவிடும். இரண்டு செதில் போன மீனை ‘மருந்து தடவலாம்’ என்று வெளியே எடுத்து, துள்ளத் துள்ளப் பிடித்து, இருபது செதிலைப் பெயர்த்துவிடுவது உண்டு. இரண்டடி அரோவானாவைத் தூக்கியே ஆக வேண்டும் என்றால் தண்ணீருக்குள்ளேயே பெரிய பிளாஸ்டிக் பைக்குள் ஓட்டி, தண்ணீரோடு சேர்த்துத் தூக்குவதே முறை. சென்னையின் வண்ண மீன் சந்தையான கொளத்தூரின் கடைகளில் கைதேர்ந்தவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

காயம் தானே மூடும் என்றால் சில மீன்களுக்கு மட்டும் ஏன் அது புண்ணாகிச் சீழ் பிடிக்கிறது? பதில் தண்ணீரில் இருக்கிறது.

பெரிய வேட்டை மீன் நிறையப் புரதம் தின்கிறது. அதற்கேற்ப அமோனியாவை வெளியேற்றுகிறது. பில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த வேலை தடைப்பட்டால் முதலில் எரிவது செவுள், அடுத்துத் தோல். எரிந்த தோலில் எப்போதும் தண்ணீரிலேயே இருக்கும் ஏரோமோனாஸ் போன்ற கிருமிகள் எளிதாகப் புகுந்துவிடுகின்றன. இங்கே நம் போர் தண்ணீரின் பங்கையும் சொல்ல வேண்டும். ஒரே அளவு அமோனியா எல்லாத் தண்ணீரிலும் ஒரே மாதிரி விஷமாக இருப்பதில்லை. 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 உள்ள தண்ணீரில், மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது ஏழெட்டுப் பங்காகிவிடுகிறது. சென்னையில் பல வீடுகளின் போர் தண்ணீர் காரத்தன்மை கொண்டது. மெட்ரோ வாட்டர் எனப்படும் மாநகரக் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தும் வீட்டில் அமோனியா ஓரளவு இருந்தும் தப்பித்த மீன், அதே அளவு அமோனியா உள்ள போர் தண்ணீரில் தப்பாமல் போகலாம். மெட்ரோ வாட்டருக்கோ குளோரின் தொல்லை. ஆன்டி குளோரின் விடாமல் பாதித் தொட்டியை மாற்றினால் செவுளும் பாக்டீரியாவும் சேர்ந்தே அடிவாங்கும். கோடையில் இன்னொரு சிக்கலும் சேரும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் 7.5க்கு இறங்கிவிடுகிறது. மே மாதத்தில் மதியம் மின்சாரம் போய் ஏர் பம்ப் நின்றால், பெரிய உடம்புக்காரன்தான் முதலில் திணறுவான்.

இந்த நிலையில் மருந்து ஊற்றினால் என்ன ஆகும்? பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக்குக்கு நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்ற பேதம் கிடையாது. மெத்திலீன் புளூவும் பில்டரின் பாக்டீரியாவைப் பாதிக்கும். ஃபார்மலின் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மாலகைட் கிரீனைச் செதிலில்லாத கெளுத்தி இனங்கள் தாங்குவதில்லை; உணவு மீன் வளர்ப்பில் பல நாடுகள் அதைத் தடைசெய்திருப்பதற்கு அது மனிதருக்கும் ஆகாது என்பதே காரணம். ஆக, மருந்து விட்ட இரண்டு மூன்று நாளில் பில்டர் வேலை செய்வதை நிறுத்துகிறது, அமோனியா ஏறுகிறது, மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. நோய் முற்றிவிட்டது என்று நினைத்து மறுபடியும் மருந்து.

முதலுதவி எளிமையானது. மீன் அடிபட்ட அன்றே மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை, வெப்பநிலை பார்த்து, குளோரின் நீக்கி மாற்ற வேண்டும். அடுத்த சில நாளும் அதே போல. இரையை நிறுத்திவிடலாம். வளர்ந்த அரோவானாவோ ஆஸ்காரோ ஒரு வாரம் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகிவிடாது. உள்ளே இரை போகாவிட்டால் அமோனியாவும் குறையும். விளக்கை அணைத்து, தொட்டியின் மூன்று பக்கத்தைத் துணியால் மூடினால் மிரளுவது நிற்கும். சண்டை போட்ட கூட்டாளி இருந்தால் நடுவில் தடுப்பு. காயம் எதனால் வந்தது என்று கண்டுபிடித்து அதை நீக்குவதும் இதில் சேர்த்தி: கூரான கல், மூடிக்கும் தண்ணீருக்கும் போதாத இடைவெளி, உறையில்லாத ஹீட்டர். ரெட் டெயில் கேட்ஃபிஷ் ஹீட்டர்மேல் சாய்ந்து படுத்து வயிற்றைச் சுட்டுக்கொள்வது அடிக்கடி நடப்பது. அதை நோய் என்று நினைத்து மருந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது கல் உப்பு. இது கைவைத்தியம்போலத் தோன்றலாம். இதன் பின்னால் திடமான உடலியல் இருக்கிறது. நன்னீர் மீனின் ரத்தத்தில் உப்பின் அளவு ஏறத்தாழ ஒரு சதவீதத்தை ஒட்டியது. சுற்றியுள்ள தண்ணீரிலோ உப்பு இல்லாத குறைதான். அதனால் தண்ணீர் ஓயாமல் உடலுக்குள் புகுந்துகொண்டும் உப்பு வெளியே கசிந்துகொண்டும் இருக்கும். உள்ளே வந்த தண்ணீரை வெளியேற்றச் சிறுநீரகம் நாள் முழுவதும் உழைக்கிறது. தோலில் ஓட்டை விழுந்தால் கசிவு கூடும்; மீனின் சக்தியெல்லாம் அதை ஈடுகட்டுவதிலேயே போகும். தண்ணீரில் கொஞ்சம் உப்பைக் கலந்தால் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் குறைகிறது. மிச்சமாகும் சக்தி காயம் ஆறுவதற்குப் போகிறது. உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் ரத்தத்துக்குள் புகுவதையும் தடுக்கிறது.

அளவுதான் முக்கியம். நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டியில் விளிம்புவரை நிரப்பினால் சுமார் 450 லிட்டர் பிடிக்கும். மேலே விட்ட இடைவெளியும் கீழே உள்ள கல்லும் போக, உண்மையில் இருப்பது 400 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் 400 கிராம் கல் உப்பு. அதை வாளியில் கரைத்து, சில மணி நேரம் இடைவெளி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். அரோவானா, ஆஸ்கார் போன்றவற்றுக்குத் தேவைப்பட்டால் இரண்டு மூன்று நாளில் லிட்டருக்கு மூன்று கிராம் வரை, அதாவது 1.2 கிலோ வரை, ஏற்றலாம். கெளுத்தி இனங்களுக்கு முதல் அளவோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. உப்பு ஆவியாகாது. நூறு லிட்டர் தண்ணீரை மாற்றினால் அந்த நூறு லிட்டருக்குரிய உப்பை மட்டும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மொத்த அளவைக் கொட்டி மீனை ஊறுகாய் ஆக்கியவர்கள் உண்டு. நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்த இலையைப் போடுவதிலும் தவறில்லை. அதன் துவர்ப்புச் சத்து தண்ணீரைச் சற்று அமிலப் பக்கம் நகர்த்தி மீனை அமைதிப்படுத்தும். மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றும் பழக்கமும் இங்கே இருக்கிறது. வீட்டுத் தொட்டிக்கு அதன் சரியான அளவு வகுக்கப்படவில்லை. தூள் பில்டரில் படிந்து அழுகுவதுதான் மிச்சம்.

தண்ணீருக்கு அடுத்த குற்றவாளி தொட்டியில் விடப்படும் உயிர் இரை. பெரிய மீன் சின்ன மீனைத் துரத்திப் பிடிப்பதைப் பார்க்கும் ஆசையில் கப்பியும் மொல்லியும் விலை குறைந்த தங்கமீனும் பை பையாக வாங்கி விடப்படுகின்றன. நெரிசலில், குறைந்த பராமரிப்பில் கிடந்த இந்த இரை மீன்கள், ஒட்டுண்ணியையும் கிருமியையும் நேராகத் தொட்டிக்குள் கொண்டுவருகின்றன. தங்கமீனின் உடலில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1ஐச் சிதைக்கும். மாதக்கணக்கில் அதையே தின்னும் மீனுக்கு நரம்புக் கோளாறு வரும், காயம் ஆறுவதும் தாமதமாகும். கெளுத்திக் குஞ்சின் முள்ளோ திலேப்பியாவின் துடுப்பு முள்ளோ தொண்டையில் குத்தி உள்ளே புண்ணாக்குவதும் உண்டு. அந்தக் காயத்தை வெளியிலிருந்து பார்க்கவே முடியாது. கோழி, மாட்டு இதயம் போன்ற இறைச்சியையே தொடர்ந்து கொடுத்தால் கல்லீரல் கெடும். தரமான பெல்லட்டுக்கும் மீன் துண்டுக்கும் வேட்டை மீனைப் பழக்கிவிடலாம். சில நாள் பட்டினிக்குப் பிறகு பெரும்பாலானவை ஏற்றுக்கொள்ளும். மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் உறைந்த மீனில் ஒட்டுண்ணிகள் செத்துவிடும். பாக்டீரியா சாகாது என்றாலும் பாதி அபாயம் குறைந்தது.

அடிபடாமலேயே வரும் தொற்றுகளில் குழப்பம் அதிகம். வாயோரத்தில் பஞ்சுபோல வெள்ளையாக ஏதாவது கண்டால் எல்லோரும் சொல்வது ‘பங்கஸ்’. பூஞ்சை என்றால் அது புண்ணின் மேல் நீண்ட இழைகளாகப் பூத்து நிற்கும். பெரும்பாலும் செத்த சதைமேல் இரண்டாவதாக வந்து குடியேறும். கொலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோயும் தூரப் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும். உற்றுப் பார்த்தால் அது தட்டையாக, சாம்பலும் மஞ்சளும் கலந்து, உதட்டிலும் முதுகில் சேணம்போலவும் படர்ந்திருக்கும். இந்த வேறுபாடு உயிர்போகும் விஷயம், ஏனென்றால் எல்லாத் தொற்றுக்கும் சூடு வைத்தியம் ஆகாது. வெள்ளைப்புள்ளி நோய்க்கு ஹீட்டரை 30 டிகிரிக்கு ஏற்றுவது சரியான வைத்தியம். அந்த நோயைத் தரும் ஒட்டுண்ணி மீன் தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது, நீந்தித் திரியும் குஞ்சுப் பருவத்தில் மட்டுமே சாகும். சூடு ஏறினால் அந்தச் சுழற்சி விரைந்து முடிந்துவிடும். கொலம்னாரிஸ் பிடித்த தொட்டியில் அதே 30 டிகிரியை வைத்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். ஓரிரு நாளில் மீன் போய்விடலாம். கார்த்திகை, மார்கழி மழைக்குளிரில் வரும் வெள்ளைப்புள்ளிக்குப் பெரும்பாலும் சூடும் உப்பும் போதும். சித்திரை வெயிலில் வாய் வெளுத்தால் அது வேறு.

ஆஸ்கார், ஃப்ளவர்ஹார்ன் தலையில் ஊசி குத்தியதுபோல் தொடங்கிப் பள்ளமாகும் நோய்க்கு மெட்ரோனிடசோல் கொடுப்பது வழக்கம். குடலில் இருக்கும் ஒரு வகை ஒட்டுண்ணிக்கு அது கேட்கும். இரையில் கலந்து உள்ளே போனால்தான் நன்றாகக் கேட்கும். ஆனால் ஒரே வகை இரை, தேங்கிய நைட்ரேட், சத்துக் குறைவு எல்லாம் சேர்ந்துதான் இந்த நோயை வளர்க்கின்றன. தண்ணீரும் இரையும் மாறாவிட்டால் மூடிய பள்ளம் மறுபடி திறக்கும்.

மருந்தே வேண்டாம் என்று எவரும் சொல்ல முடியாது. சிவந்து ஆழமாகும் புண், நிமிர்ந்து நிற்கும் செதில், இரண்டு கண்ணும் பிதுங்குவது, ஒரே வாரத்தில் பல மீன் படுப்பது ஆகியவை சிறு நோயின் அடையாளங்கள் அல்ல. அங்கே ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து, எத்தனை நாள் என்று பார்த்துக் கொடுக்க வேண்டிய இடம் அது. ஆனால் இன்று பல கடைகளில் டெட்ராசைக்ளினும் சிப்ரோஃப்ளாக்சசினும் பெயர் ஒட்டாத பொட்டலத்தில், ‘ஒரு ஸ்பூன் போடுங்க’ என்ற வாய்மொழியோடு கைமாறுகின்றன. மனிதருக்கான மருந்துக் கடையில் இதே மருந்தை வாங்க மருத்துவரின் சீட்டு வேண்டும் என்கிறது சட்டம்.

இதை மீன் வளர்ப்பவர்களின் வீட்டு விவகாரம் என்று விட்டுவிட முடியாது. பிரிட்டனுக்கு இறக்குமதியான அலங்கார மீன்களையும் அவை வந்த பைத் தண்ணீரையும் அந்நாட்டின் செஃபாஸ் ஆய்வு நிறுவனத்தினர் சோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, அவற்றிலிருந்த ஏரோமோனாஸ் கிருமிகளில் பல மருந்துகளுக்கு மசியாதவை பரவலாக இருப்பதைக் காட்டியது. வீட்டில் மருந்து ஊற்றிய தொட்டியின் தண்ணீர் எங்கே போகிறது? சாக்கடைக்கும் மாடித் தோட்டத்துக்கும். அந்தத் தண்ணீரில் கை விடுவது வீட்டுப் பிள்ளைகள். மீன் தொட்டியிலிருந்து மனிதருக்குத் தொற்றும் கிருமிகளும் உண்டு. 1926இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா மீன் காட்சியகத்தில் இறந்த மீன்களிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட மைக்கோபாக்டீரியம் மரைனம், காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவு. கையில் கீறலோடு தொட்டியைக் கழுவினால் விரலில் ஆறாத முடிச்சாக வந்து உட்காரும். குணமாக மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும். புண் உள்ள மீனைத் தொடுகிறவர் கையுறை போட வேண்டியது அதனால்தான்.

அமெரிக்காவில் பல காலம் மீன் மருந்து என்ற பெயரில் ஆன்டிபயாடிக் தாராளமாக விற்றது. 2023 டிசம்பரில் அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம், மீன்களுக்கும் கூண்டுப் பறவைகளுக்கும் அனுமதியில்லாமல் இப்படி விற்ற ஒன்பது நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இந்தியாவும் இதை அறியாத நாடல்ல. இறால் பண்ணைகளில் பல ஆன்டிபயாடிக்குகளுக்குத் தடை இருக்கிறது. உணவுக்கான விலங்குகளுக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுப்பது 2019இல் தடைசெய்யப்பட்டது. தட்டுக்கு வரும் மீனுக்கு இருக்கும் கண்காணிப்பு, வரவேற்பறையில் நீந்தும் மீனுக்கு இல்லை.

அனுபவமுள்ள மீன் வளர்ப்பாளர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அது நியாயமான பதில். நாய்க்கு உடம்பு முடியாவிட்டால் கூட்டிப்போக மருத்துவமனை இருக்கிறது, இரண்டடி மீனை எங்கே தூக்கிப்போவது? பெரும்பாலான கால்நடை மருத்துவர்கள் மீன் பார்ப்பதில்லை. மீன் நோய் படித்த மீன்வளப் பட்டதாரிகளுக்கோ பண்ணைகளிலும் இறால் குளங்களிலும்தான் வேலை. கடைக்காரரை விட்டால் வேறு நாதியில்லை என்ற நிலையில், அவர் கொடுக்கும் பவுடரையும் பிடுங்கிவிட்டால் மீன் சாகும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதானே? இந்த வெற்றிடத்தில்தான் யூடியூப் அறுவை சிகிச்சையும் பரவுகிறது. அரோவானாவின் கீழ்நோக்கித் தொங்கும் கண்ணை நிமிர்த்துவது, சுருண்ட செவுள் மூடியைக் கத்தரிப்பது ஆகியவை சிங்கப்பூர்ப் பக்கம் தேர்ந்தவர்கள் மயக்க மருந்து கொடுத்துச் செய்பவை. அதைப் பார்த்துவிட்டு வீட்டில் கிராம்பு எண்ணெயைக் கண்ணளவில் ஊற்றிக் கத்தரியை எடுப்பது கொடுமை. அளவு கொஞ்சம் கூடினால் மீன் எழவே எழாது. செவுள் மூடி சுருள்வதற்குப் பெரும்பாலும் நெருக்கடியான தொட்டியும் மோசமான தண்ணீரும் காரணம்; ஆரம்பத்திலேயே அவற்றைச் சரிசெய்தால் கத்தரிக்கு வேலை வராது.

2017 மே மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மீன் கடைகளுக்கென்று விதிகள் கொண்டுவந்தது. கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் வைப்பதையும் 158 வகை மீன்களை விற்பதையும் அது தடுத்தது. மீன் மருத்துவர் ஒருவரை முழுநேரமாக வைத்திருக்கவும் சொன்னது. பத்துக்குப் பத்து அறையில் கடை நடத்துகிறவருக்கு அது ஆகிற காரியமா? எதிர்ப்புக் கிளம்பி, அடுத்த ஆண்டே விதிகள் திரும்பப் பெறப்பட்டன. திரும்பப் பெற்றதில் தவறில்லை. அதற்குப் பதிலாக நடைமுறைக்கு ஒத்துவரும் எதையும் கொண்டுவராததுதான் தவறு.

விற்கும்போதே தொடங்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மூன்று அங்குலக் குஞ்சாக விற்கப்படும் ரெட் டெயில் கேட்ஃபிஷ் ஒரு மீட்டரைத் தாண்டி வளரும். வெள்ளி அரோவானா மூன்றடியை நெருங்கும். அலிகேட்டர் கார் ஆளுயரத்தையும் மிஞ்சும். இவற்றை நான்கடித் தொட்டியில் வைத்துவிட்டு மூக்கு அடிபடுகிறது, மீசை ஒடிகிறது, வால் கிழிகிறது என்று வைத்தியம் தேடுவதில் அர்த்தமில்லை. உடம்பைத் திருப்பவே இடமில்லாத மீனுக்குக் காயம் தினமும் வரும். இடம் போதாத வீடுகளிலிருந்து இவை ஏரிக்கும் குளத்துக்கும் போய்ச் சேர்கின்றன. 2023 மே மாதம் ஸ்ரீநகரின் தால் ஏரியில் அலிகேட்டர் கார் ஒன்று பிடிபட்டது. வட அமெரிக்க ஆறுகளின் மீன் அங்கே தானாக நீந்திப் போயிருக்க வழியில்லை. முழு வளர்ச்சியில் எத்தனை அடி, அதற்கு எவ்வளவு பெரிய தொட்டி என்ற இரண்டு விவரங்களையும் தொட்டிக் கண்ணாடியில் எழுதி ஒட்டும்படி மீன்வளத் துறை கட்டாயப்படுத்தலாம். கடைக்காரருக்கு ஒரு மார்க்கர் பேனா செலவு.

அதைவிட அவசரமானது ஆய்வகம். கொளத்தூரிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், மாதவரத்தில், தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. நீர்வாழ் உயிரினங்களின் நோய்களை ஆராயும் வசதியும் அறிஞர்களும் அங்கே இருக்கிறார்கள். இந்தியாவின் பெரிய வண்ண மீன் சந்தைகளில் ஒன்று அதன் வாசலிலேயே இருந்தும், வீட்டில் ஒரு மீனை வைத்திருக்கும் சாதாரண ஆளுக்கு அந்தக் கதவைத் தட்டலாம் என்பதே தெரியாது. வாரம் ஒரு நாள் அங்கே வண்ண மீன் நல மையம் திறக்கலாம். மீனைத் தூக்கிவர வேண்டியதில்லை. தொட்டித் தண்ணீர் ஒரு பாட்டில், புண்ணின் படம், முடிந்தால் பஞ்சுக் குச்சியில் எடுத்த மாதிரி போதும். அமோனியாவும் பி.எச்.சும் பார்த்துச் சொன்னாலே வருகிறவர்களில் பலருக்கு மருந்தே தேவைப்படாது. தேவைப்படுகிறவருக்குக் கிருமியைச் சோதித்து மருந்தின் பெயர், அளவு, நாள் கணக்கு எழுதிய சீட்டு ஒன்று. அந்த ஏற்பாடு நடைக்கு வந்த பிறகு, சீட்டில்லாமல் மீன் கடையில் ஆன்டிபயாடிக் விற்கக் கூடாது என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிடட்டும். கடைக்காரர்களே அதை ஏற்றுக்கொள்வார்கள். அதுவரை அவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. செதில் போன மீனின் படத்தோடு வருகிறவரிடம் மஞ்சள் பொட்டலத்தை நீட்டுவதற்கு முன்னால், கடைசியாக எப்போது தண்ணீர் மாற்றினீர்கள், தொட்டி எத்தனை அடி, என்ன இரை கொடுக்கிறீர்கள் என்று மூன்று கேள்வி கேட்டு, ஒரு கிலோ கல் உப்பு வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பலாம்.